அரசு ஒப்பந்தங்களில் பிடித்தத் தொகையும் விற்பனை வரியும்

அரசுக்காகச் சாலை போடுபவருக்கும் பள்ளிக் கட்டடம் கட்டுபவருக்கும் பில் தொகை முழுவதும் உடனே கைக்கு வருவதில்லை. வேலையில் பின்னால் குறை தெரிந்தால் சரிசெய்ய வைப்பதற்காக ஒரு பகுதியை அரசு பிணையாகப் பிடித்துக்கொள்கிறது. மத்திய பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளின்படி, வேலை நடக்கும்போதே அவ்வப்போது தரப்படும் ஒவ்வொரு ரன்னிங் பில்லிலும் 2.5 விழுக்காடு பிடிக்கப்படும். இந்தத் தொகைக்கு வரி எப்போது பிறக்கிறது என்பதற்குச் சட்டம் காலத்துக்குக் காலம் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறது.

தொடக்கம் சென்னை மாகாணம். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி அமைச்சரவை, வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. 1947ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டுமான ஒப்பந்தங்களையும் அந்த வரிக்குள் கொண்டுவந்தது. அதை எதிர்த்து கேனன் டங்கர்லி என்ற கட்டுமான நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கட்டட ஒப்பந்தம் பிரிக்க முடியாத ஒன்று, அதில் சிமென்டும் செங்கல்லும் தனியே விற்கப்படுவதில்லை என்று 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத் தொகைக்கே விற்பனை வரி இல்லை என்றானபின், பிடித்தத் தொகையைப் பற்றிய கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

அந்த நிலையை 1982ஆம் ஆண்டின் 46ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாற்றியது. ஒப்பந்த வேலையில் பொருள் கைமாறுவதும் விற்பனையாகவே கருதப்பட்டது. 1989இல் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. கூலி முதலிய செலவுகளைக் கழித்துவிட்டு, பொருள் வேலையில் சேரும் நேரத்து மதிப்புக்கே வரி விதிக்கலாம் என்று 1992இல் தெளிவுபடுத்தியது. கம்பி தூணுக்குள் போனதும் விற்பனை நடந்துவிடுகிறது. பணம் பின்னால் வருவது அதை மாற்றாது. தமிழ்நாட்டு விற்பனை வரிச் சட்டத்திலும் விற்றுமுதல் என்பதில் பிறகு தரப்படும் பணமும் அடங்கியது. பிடித்தத் தொகை விலையின் பகுதியாகவே நின்றது.

இதோடு இன்னொரு பிடித்தமும் வந்தது. 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தில், கட்டுமான வேலைக்குப் பணம் தரும் துறையே 2 விழுக்காட்டை வரியாகக் கழித்துக் கட்டியது. முன்னது பிணை, இது முன்கூட்டிய வரி.

2017 ஜூலை 1இல் வந்த ஜிஎஸ்டி அடிப்படையையே மாற்றியது. ஒப்பந்த வேலை இப்போது சேவை. மூன்று மாதத்துக்கு மேல் நீண்டு, தவணையாகப் பணம் தரப்படும் வேலைக்கு, பணம் தரவேண்டிய தேதி ஒப்பந்தத்திலிருந்து தெரிந்தால் அந்தத் தேதிக்குள் விலைப்பட்டியல் தரவேண்டும். ஏதேனும் ஒரு கட்டம் முடிந்தால்தான் பணம் என்றிருந்தால், அது முடியும் நாளுக்குள். ஆகவே ஒப்பந்த வாசகமே தீர்மானிக்கிறது. குறைகளைச் சரிசெய்யும் பொறுப்புக் காலம் முடிந்தபின்தான் பிடித்தத் தொகை தரப்படும் என்று அதில் எழுதியிருந்தால், வரியும் அப்போது பிறக்க இடமுண்டு. ஆனால் முழுத் தொகைக்கும் முன்பே விலைப்பட்டியல் கொடுத்தவர் முழு வரியையும் கட்டவேண்டும். 10 லட்சம் ரூபாய் பில்லில் 25,000 ரூபாய் பிடிக்கப்பட்டால், கைக்கு வராத அந்தப் பணத்துக்காக 18 விழுக்காட்டில் 4,500 ரூபாய் வரி. சிறு ஒப்பந்ததாரருக்கு இது நடைமுறை மூலதனத்தையே கடிக்கும்.

2018 அக்டோபர் 1 முதல், இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் அரசுத் துறைகள் 2 விழுக்காடு ஜிஎஸ்டியைக் கழிக்கின்றன. அது ஒப்பந்ததாரரின் மின்னணுப் பணப் பேரேட்டில் சேரும்.

2022 ஜூலை 18இல் பல அரசுக் கட்டுமானங்களுக்கான வரி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தாலும், விலைப்பட்டியலும் பணமும் அந்தத் தேதிக்குப் பின் வந்தால் புதிய விகிதமே பொருந்தும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவு.