கயிறு இழுத்தவர்கள்

புத்தக அலமாரியொன்றை நானே செய்துவிடுவது என்று கருவிக் கடையில் போய் நின்றேன். 'கைக்கருவியா, கரண்ட் மெஷினா?' என்றார் கடைக்காரர். சாதாரணக் கேள்விதான். ஆனால் தேர்வு என்பதே எல்லோருக்கும் வாய்த்ததல்ல. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட மின்துளைக் கருவிக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917இல் காப்புரிமை பெற்றது. அது தொழிற்சாலைக்கான சாமான். இரண்டாம் உலகப் போரின்போது தொழிலாளர்கள் அதை வீட்டு வேலைக்கென்று எடுத்துப் போனார்கள். அந்த 'களவு'தான் நிறுவனத்துக்குப் புதிய சந்தையைக் காட்டிக்கொடுத்தது. 1946இல் வீட்டு உபயோகத்துக்கென்றே துளைக்கருவிகள் வந்தன. தொழிலாளியின் மீறல் நுகர்வோனின் 'பொழுதுபோக்கு' ஆயிற்று.

தமர், துரப்பணம் என்ற சொற்கள் தமிழ் எம்.ஏ.யில் எனக்குக் கிடைத்தன. துரப்பணத்தின் பொருள் கிடைத்தது அப்பாவிடம். தண்டில் கயிற்றைச் சுற்றி ஒருவர் மாறிமாறி இழுக்க, இன்னொருவர் மேலே அமுக்கிப் பிடிப்பார். அமுக்கியவர் தாத்தா, தச்சர் என்ற பெயரும் அவருக்குத்தான். இழுத்தது எட்டு வயசு அப்பா. பெயரும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. எந்தக் கருவி வேண்டும் என்று அவரை யாரும் கேட்கவில்லை. சாதி கையில் கொடுத்த கயிறு அது.

கைக்கருவியை ஆன்மாவோடும் இயந்திரத்தை வன்முறையோடும் சேர்த்துப் பேசும் சொல்லாடல் படித்த நம்மிடம் உண்டு. அது இந்தப் பையனை மறைத்துவிடுகிறது. மின்சாரம் அவனை விடுவித்தது. இரண்டு கூலியை ஒன்றாகவும் ஆக்கியது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

துளையிட மின்கருவி வாங்கினேன். பலகையை மட்டமாக்க இழைப்புளி, மூட்டு இறுகி உட்கார உளி. மயிரிழை அளவு சீவிச் சீவிப் பொருத்துவதில் எங்கே நிறுத்துவது என்பது கைக்குத்தான் தெரிகிறது. கூலிக்காக அல்லாமல் செய்கிறவனுக்கு அந்த நிதானம் கட்டுப்படியாகும், அவ்வளவுதான்.

அப்பா டிரில்லைக் கையில் வாங்கி ஒரு தடவை விசையை அழுத்திப் பார்த்தார். 'இது அப்பவே இருந்திருந்தா நான் பள்ளிக்கூடம் போயிருப்பேன்' என்றார்.

அவருக்கு எட்டு வயசானது 1964இல். அமெரிக்க வீடுகளுக்கு அது வந்து 18 வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்டே வரவில்லை.