கர்ப்பகால உடற்பயிற்சி

கருவுற்ற பெண் தன் உடல்நிலைக்கும் மாதத்துக்கும் ஏற்பத் தேர்ந்துகொள்ளும் பயிற்சியே கர்ப்பகால உடற்பயிற்சி. எந்தப் பயிற்சி என்பதைவிட, அதில் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்பதே முதல் கேள்வி. மருத்துவ உலகம் இந்த இடத்துக்குச் சுற்றி வளைத்துத்தான் வந்து சேர்ந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது, கடும் பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் ஆகாது என்று அமெரிக்க மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர் கல்லூரி 1985-இல் வரம்பு கட்டியது. 1994-இல் தானே அதைக் கைவிட்டது. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதியளவு கூடி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வேகமாக அடிக்கும். அதனால் எல்லோருக்கும் ஒரே நாடிக் கணக்கு பொருந்தாது.

இப்போது பெரிதும் சொல்லப்படுவது பேச்சுச் சோதனை. நடக்கும்போது கூட வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதவில்லை என்றால் அது மிதமான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிக்கலில்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. இதுவரை பழக்கமில்லாதவர்கள் பத்து நிமிட நடையில் தொடங்கலாம். ஏற்கெனவே ஓடிப் பழகியவர் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடரலாம்.

ரிலாக்சின் என்ற ஹார்மோன் மூட்டு இணைப்புகளைத் தளர்த்துகிறது. வயிறு முன்தள்ளுவதால் நிற்கும் சமநிலையும் மாறுகிறது. குதிரையேற்றம், கைப்பந்து போல விழவோ அடிபடவோ வாய்ப்புள்ளவை ஆகாது என்பது இதனால்தான். ஆழ்கடல் முக்குளிப்பும், சூடேற்றிய அறையில் செய்யும் யோகாவும் கூடாது. கர்ப்பத்தின் பிற்பாதியில் மல்லாந்து நெடுநேரம் படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்றலாம். ஒருக்களித்துப் படுப்பது நல்லது. நீச்சலில் தண்ணீரே பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் முதுகுக்கும் வீங்கிய காலுக்கும் சுகம்.

குனிந்து வீடு பெருக்கினால் சுகப்பிரசவம் ஆகும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பயிற்சி கர்ப்பகாலச் சர்க்கரை நோயின் வாய்ப்பைக் குறைக்கும். ஆனால் பிரசவம் எப்படி ஆகும் என்பதற்கு உத்தரவாதம் தராது. துடைப்பத்தோடு இடுப்பு வலிதான் மிஞ்சுமென்றால் நடையே மேல்.

நஞ்சுக்கொடி கருப்பைவாயை மறைத்திருத்தல், கர்ப்பகால இரத்தக்கொதிப்போடு வரும் முன்சூல்வலிப்பு, கருப்பைவாய்த் தையல், கடும் இரத்தசோகை, சில இதய நோய்கள் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. பயிற்சியின் நடுவே இரத்தக்கசிவு, பனிக்குட நீர்க் கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கேகல் 1948-இல் விவரித்த இடுப்புத்தளப் பயிற்சிக்கு இடமும் வேண்டாம், உடையும் மாற்ற வேண்டாம். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கிச் சில விநாடி நிறுத்தித் தளர்த்துவதுதான் அது. பேருந்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம். பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடத் தெரியாது.