சந்தையில் கண்ட ஒரே திருக்கை

சிங்கப்பூரின் தேக்காச் சந்தைக்குச் சென்று திருக்கை மீனைக் காணாதார் இலர். தட்டையான உடலும் நீண்ட வாலும் உடைய அம்மீனை நம் இல்லங்களில் குழம்பாக்குவர். மலாய் மக்கள் சம்பல் தடவி வாழையிலையில் வைத்துச் சுடுவர். இத்துணைப் பழகிய மீனின் உறவினம் ஒன்று உலகைவிட்டே மறைந்துவிட்டது. அவ்வினத்தை அறிவுலகம் அறிந்ததும் நம் தேக்காவைப் போன்ற ஒரு மீன் சந்தையில்தான்.

இன்று ஜகார்த்தா எனப்படும் நகரம் 1862ஆம் ஆண்டில் டச்சுக்காரர் ஆட்சியில் பத்தாவியா என்னும் பெயருடன் விளங்கியது. பிரஷ்ய நாட்டுத் தூதுக்குழுவுடன் கீழ்த்திசைக்கு வந்த எடுவர்ட் ஃபான் மார்டென்ஸ் என்னும் விலங்கியல் அறிஞர், அந்நகரச் சந்தையில் சிறு திருக்கை ஒன்றை வாங்கினார். அது 33 செ.மீ. நீளமுள்ள பெண் மீன். 1864இல் அதைப் புதிய இனமென விளக்கி எழுதி, சாவகத் தீவின் பெயரையே அதற்குச் சூட்டினார். மணிமேகலை கூறும் சாவகமே இத்தீவு என்பர் அறிஞர். அம்மீனின் உடல் பெர்லின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அதன்பின் அவ்வினத்தில் மற்றொன்று எவர் கண்ணிலும் படவில்லை. மார்டென்சுக்கு முன்னரே பீட்டர் பிளீக்கர் என்னும் டச்சு மருத்துவர் 1842 முதல் 1860 வரை அத்தீவுகளில் தங்கிப் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களைத் திரட்டியிருந்தார். ஆயினும் சாவகத் திருக்கைக்குச் சான்றாக நிற்பது மார்டென்ஸ் வாங்கிய அந்த ஒன்றே.

கடலோ பெரிது; காணவில்லை என்பதனாலேயே அழிந்தது என்று கூறலாமா? இவ்வினா நியாயமானதே. டாஸ்மேனியக் கடலடியில் கைபோன்ற துடுப்புகளால் நடக்கும் மீன்களுள் ஓரினம் அழிந்ததென 2020இல் அறிவிக்கப்பட்டது. சான்று போதாதென்று மறு ஆண்டே அம்முடிவு மாற்றப்பட்டது. ஆகவே, ஆராய்வோர் அவசரப்படலாகாது.

சாவகத் திருக்கையைப் பொறுத்தவரை அவர்கள் அவசரப்படவில்லை. 2001 முதல் இந்தோனேசிய மீன் இறங்குதுறைகளில் நடந்த கணக்கெடுப்புகளில் அது அகப்படவேயில்லை. சாவகக் கடலில் மீன்பாடு 1870களிலேயே குறையத் தொடங்கியிருந்தது. ஜகார்த்தா விரிகுடாவின் கரையோரம் நாளடைவில் ஆலைகளாலும் துறைகளாலும் நிரம்பிச் சீர்கெட்டது. திருக்கையினம் பொதுவாக மெல்ல வளர்ந்து, சில குட்டிகளையே ஈனுவது. பிடிபடும் விரைவுக்கு ஈடாக அதனால் பெருக இயலாது. இவற்றையெல்லாம் சீர்தூக்கிய பின்னரே, 2023 டிசம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிந்த இனமாக அறிவித்தது. மனிதர் செயலால் அற்றுப்போனதென அறிவிக்கப்பட்ட முதற் கடல்மீன் இதுவே.

இச்செய்தி தமிழ் பயில்வோர்க்கு ஏன் வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். பரதவர் சுறாவின் கோட்டை நட்டு, அதில் தெய்வம் உறைவதாக வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. கோடுடைய சுறா என்பது வாள்போன்ற மூக்கு நீண்ட வேளா மீன் எனக் கொள்ளத் தகும். திருக்கைக்கு உறவான அவ்வேளாவும் இன்று அருகிவிட்டது. இந்தியா 2001இல் சட்டத்தால் அதற்குக் காப்பளித்தது. பொருள் மறைந்தால் பாட்டின் சொல்லுக்கு உரைகாரரே துணையாவார். சுட்டிக்காட்டக் கடலில் ஒன்றும் இராது.

1969இல் இயங்கத் தொடங்கிய ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்திற்கு அண்டை நாட்டு மீன்கள் வந்து குவிந்தன. அவற்றுள் திருக்கைகளும் உண்டு. எல்லாவற்றையும் ‘திருக்கை’ என்ற ஒரே பெயரால் வாங்கிச் சமைக்கிறோம். ஒரு பெயருக்குள் எத்தனை இனங்கள் உள்ளன என்று நாம் எண்ணுவதில்லை; எண்ணாததனால் ஒன்று குறைவதும் தெரிவதில்லை. பத்தாவியாவில் அன்று அம்மீனை விற்றவருக்கும் அது மற்றொரு திருக்கையாகவே தோன்றியிருக்கும். மாணவரைத் தேக்காச் சந்தைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், மீன்களை வேறுபடுத்திக் காணவும் அவற்றின் தமிழ்ப் பெயர்களைக் கேட்டெழுதவும் பழக்குவாராக. அடுத்த இழப்பேனும் நாம் அறியாமல் நிகழாதிருக்க அது வழிசெய்யும்.