எருமைகள் நீங்கிய பரத்பூர்

ராஜஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் இயற்கையாக அமைந்த ஏரி அன்று. கரையெழுப்பி நீர்தேக்கி, வாத்து வேட்டைக்கென அரச குடும்பத்தினர் பேணிய தாழ்நிலம் அது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். சுற்றுக் கிராமங்களின் எருமைகள் தலைமுறைகளாக அதில் மேய்ந்து வந்தன. அம்மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்பது அன்றைய இயற்கைப் பாதுகாவலர் பலரின் கருத்து. அது கருத்துதான், அளவீடு அன்று.

1980இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கு நெடுங்கால ஆய்வைத் தொடங்கியது. வி. எஸ். விஜயன் தலைமையில் இளம் உயிரியல் ஆய்வாளர்கள் களத்திலேயே தங்கி, பறவை, மீன், நீர்த்தாவரம் எனப் பருவந்தோறும் கணக்கெடுத்தனர். அவர்களுள் ஒருவரான எஸ். பூபதி மலைப்பாம்புகளை ஆராய்ந்தார்.

ஆய்வின் முடிவுக்கு அரசு காத்திருக்கவில்லை. 1982 நவம்பரில் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தினர்மீது காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின.

அதன்பின் நிகழ்ந்ததை ஆய்வாளர்களின் குறிப்பேடுகள் ஆண்டுதோறும் பதிவு செய்தன. வாத்துகளை எண்ணுவதிலுள்ள கவர்ச்சி புல்லின் அடர்த்தியை அளப்பதில் இல்லை. ஆயினும் விடை புல்லில்தான் இருந்தது. எருமைகள் தின்று மட்டுப்படுத்தி வந்த பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் தடையின்றிப் பரவித் திறந்த நீர்ப்பரப்பை மூடியது. மீன்களும் நீர்ப்பறவைகளும் நலிவுற்றன. எருமைகளும் அந்நிலத்தின் உயிர்ச்சூழலில் ஓர் அங்கமே என்பதைப் பத்தாண்டுத் தரவுகள் காட்டின. 1991இல் அறிக்கை வெளிவந்தது.

தடை நீங்கவில்லை. புல்லை அறுத்துச் சுமந்துசெல்லக் கிராமத்தினருக்கு அனுமதி கிடைத்தது, எருமைகளுக்குக் கிடைக்கவில்லை.