நிலத்தடியும் வாக்குப்பெட்டியும்: காவிரிப் படுகையில் பசுமை அரசியல் தேர்தலைச் சந்தித்த வரலாறு

புறநானூற்றின் 35ஆம் பாட்டை ஒரு விண்ணப்பம் என்றே சொல்லலாம். சோழன் கிள்ளிவளவனிடம் சென்ற வெள்ளைக்குடி நாகனார், அவனுடைய குடையையும் படையையும் புகழ்ந்துவிட்டு, போர்க்களத்து வெற்றியும் உழவரின் ஏரிலிருந்தே பிறக்கிறது என்று எடுத்துரைக்கிறார். மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் பழிப்பது அரசரையே என்று எச்சரிக்கவும் செய்கிறார். அவர் பாடிப் பெற்றது பொன்னும் அன்று, யானையும் அன்று. விளைநிலத்தின்மேல் நின்ற பழைய வரிக்கடன் நீக்கப்பட்டது என்று பாட்டின் அடியில் உள்ள பழங்குறிப்பு தெரிவிக்கிறது.

முடியாட்சியில் மன்னன் ஒருவன் செவிசாய்த்தால் போதும். குடியாட்சியில் அந்த விண்ணப்பத்தை வாக்காளர்முன் வைத்தாக வேண்டும். மண்ணையும் நீரையும் முதற்கொள்கையாகக் கொண்ட ஒரு சிறு கட்சி நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டால் என்ன நேர்கிறது? காவிரிப் படுகையில் அத்தகைய கட்சி ஏன் வேர்கொள்ளவில்லை? கட்சி இல்லாமலேயே அதன் கோரிக்கை சட்டமானது எவ்வாறு? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறு கட்சிகளின் கணக்கு

சூழலியலைக் கொள்கையாகக் கொண்டு நாடு தழுவிய தேர்தலில் நின்ற முதற்கட்சியாகப் பலரும் குறிப்பிடுவது நியூசிலாந்தின் 'வேல்யூஸ்' கட்சியை. 1972ஆம் ஆண்டு தோன்றிய அக்கட்சி அவ்வாண்டே தேர்தலைச் சந்தித்தது. 1975இல் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்குகள் பெற்றும் ஓரிடமும் வெல்லவில்லை. 1980இல் அமைந்த மேற்கு செருமானியப் பசுமைக் கட்சியோ, 1983ஆம் ஆண்டு 5.6 விழுக்காடு வாக்குகளைக் கொண்டே நாடாளுமன்றத்தில் 27 இடங்களைப் பெற்றது. 1989ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரித்தானியப் பசுமைக் கட்சிக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு வாக்குகள் கிடைத்தன. கிடைத்த இடமோ ஒன்றுமில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கொள்கையன்று, தேர்தல் முறை. வாக்கு விகிதத்திற்கு ஏற்ப இடம் தரும் முறையில் சிறு கட்சி உயிர் பிழைக்கும். தொகுதியில் முதலிடம் பெற்றவர்க்கே எல்லாம் என்னும் முறையில் அது தோற்கும். நம் நாடு பின்பற்றுவது இரண்டாவது முறையை. அதன்மேல் வைப்புத்தொகையும் உண்டு. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் அத்தொகையை இழப்பார்.

இந்த வைப்புத்தொகைக்கும் உழவர் துயருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1996ஆம் ஆண்டு தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சித் தொகுதியில், உழவர்களின் குறைகளை நாடறியச் செய்வதற்காக வேட்பாளர்கள் திரண்டதால் மொத்தம் 1,033 பேர் களத்தில் நின்றனர். அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டா தொகுதியில், நிலத்தடி நீரில் கலந்த ஃபுளோரைடால் நலிந்த மக்களின் குரலாகப் பலர் திரண்டதால் மொத்தம் 480 பேர் போட்டியிட்டனர். வாக்குச்சீட்டு நூல்போல் தடித்தது. இரண்டிடங்களிலும் தேர்தலைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அவ்வாண்டே நாடாளுமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கப்பட்டது. அங்கீகாரம் பெறாத கட்சியினர்க்கும் சுயேச்சைகளுக்கும் பத்து முன்மொழிவாளர் வேண்டும் என்ற விதியும் வந்தது. 2010 முதல் அத்தொகை 25,000 ரூபாய். எளியோர் திரளாக நுழைந்த வாயில் இவ்வாறு குறுகியது.

மேல்மண்ணும் கீழ்மண்ணும்

உழவர் சிக்கலுக்குச் சட்டமன்றத் தேர்தல் போதாதா, நாடாளுமன்றத் தேர்தல் எதற்கு என்று கேட்கலாம். விடை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ளது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14ஆம் பதிவு. எண்ணெய் வயல்களும் கனிம எண்ணெய் வளமும் ஒன்றியப் பட்டியலில் 53ஆம் பதிவு. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை முறைப்படுத்துவதும் அதே பட்டியலில் 56ஆம் பதிவாக நிற்கிறது. ஒரே வயலில் நாற்று நடும் மேல்மண் சென்னையின் பொறுப்பாகவும், அதனடியில் கிடக்கும் எண்ணெயும் வளியும் தில்லியின் பொறுப்பாகவும் பிரிந்திருக்கின்றன. ஆதலின் தஞ்சை வயலின் தலைவிதியில் பாதியேனும் நாடாளுமன்றத்தில் எழுதப்படுகிறது.

நடந்தே செய்த பரப்புரை

எண்ணெய் இப்படுகைக்குப் புதிதன்று. 1980களிலேயே நரிமணம் என்னும் ஊர்ப்பெயர் எண்ணெயால் நாடெங்கும் அறிமுகமாயிற்று. ஆனால் 2010ஆம் ஆண்டு தனியார் நிறுவனம் ஒன்றுடன் நடுவண் அரசு செய்துகொண்ட மீத்தேன் ஒப்பந்தம் வேறு வகையானது. மன்னார்குடி வட்டாரத்தை மையமாக வைத்து 691 சதுர கிலோமீட்டர் பரப்பு அதற்கு ஒதுக்கப்பட்டது. 2011 சனவரியில் அப்போதைய தி.மு.க. அரசு அந்நிறுவனத்துடன் புரிந்துணர்வு உடன்பாடு கண்டது.

நிலக்கரிப் படிவத்தில் ஒட்டியிருக்கும் மீத்தேனை மேலே கொணர வேண்டுமானால், அப்படிவத்தை அழுத்திக்கொண்டிருக்கும் நீரை முதலில் இறைத்து வெளியேற்றியாக வேண்டும். அழுத்தம் குறைந்த பின்னரே வளி விடுபடும். கடலோரப் படுகையில் நிலத்தடி நன்னீரை இவ்வாறு இறைத்தால் அதனிடத்தில் உவர்நீர் புகும். இறைத்த உப்புநீரை எங்கே விடுவது என்ற கேள்வியும் எழும். மேட்டூரிலிருந்து வரும் நீர் கடைமடையை எட்டாத ஆண்டுகளில் ஆழ்குழாய்க் கிணற்றையே நம்பியிருக்கும் உழவனுக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஊர் ஊராகச் சென்று விளக்கியவர் கோ. நம்மாழ்வார். திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். கோவில்பட்டி ஆய்வுப் பண்ணையின் அரசுப் பணியை உதறியவர். ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்டத்தில் உப்பேறிய வயல்களை மீட்கும் பணியிலும் முன்னின்றார். 2013ஆம் ஆண்டு, தம் 75ஆம் அகவையில், மீத்தேன் திட்டத்தை எதிர்த்துப் படுகையின் சிற்றூர்களில் தொடர்ந்து பேசினார். அவ்வாண்டு சூலையில் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவை அமைத்தது. திசம்பர் 30 அன்று, அப்பரப்புரையின் நடுவிலேயே, பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் அவர் உயிர் நீத்தார்.

தேர்தல் பரப்புரைக்குரிய கூறுகள் யாவும் அவர் பணியில் இருந்தன. நடைப்பயணம், தெருமுனைக் கூட்டம், துண்டறிக்கை, இளைஞர் அணி என எதற்கும் குறைவில்லை. வேட்பாளரும் சின்னமும் மட்டுமே இல்லை. நான்கு திங்கள் கழித்து, 2014 ஏப்ரல் 24 அன்று, தமிழகம் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வாக்களித்தபோது அவர் பேசிய ஊர்களின் வாக்கு வழக்கமான பெருங்கட்சிகளுக்கே சென்றது.

தென்கோடியில் ஒரு சோதனை

படுகை செய்யாததை அதே தேர்தலில் தென்கோடிக் கடற்கரை செய்து பார்த்தது. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து இடிந்தகரையில் போராடிய இயக்கத்திலிருந்து சுப. உதயகுமாரன் கன்னியாகுமரியிலும், மை.பா. சேசுராசன் திருநெல்வேலியிலும், ம. புஷ்பராயன் தூத்துக்குடியிலும் ஆம் ஆத்மி கட்சியின் துடைப்பச் சின்னத்தில் நின்றனர். மூவரும் வைப்புத்தொகையை இழந்தனர். பின்னர் உதயகுமாரன் 'பச்சைத் தமிழகம்' என்ற கட்சியைக் கண்டு, 2016ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரத்தில் நின்றார். அங்கும் வெற்றி வாய்க்கவில்லை.

ஆயிரக்கணக்கானோர் பட்டினிப் பந்தலில் அமர்ந்த இயக்கம் வாக்குப்பெட்டியில் இவ்வளவு மெலிந்தது ஏன்? போராட்டம் ஒரு கடற்கரை. தொகுதியோ கடற்கரையும் வயலும் நகரமும் மலையும் சேர்ந்த பல இலட்சம் வாக்காளர். போராட்டத்தில் ஒருவர் தம் கட்சியையும் சாதியையும் வீட்டில் விட்டுவிட்டு வரலாம். வாக்குச்சாவடிக்கு அவற்றை உடன் அழைத்துச் செல்பவரே மிகுதி. தோற்கப் போகிறவருக்கு வாக்களித்து வீணாக்குவானேன் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும்.

சிதறிய தொகுதிகள்

2015 அக்டோபரில் மீத்தேன் திட்டத்துக்கு மாநில அரசு தடை விதித்தது. ஆனால் 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் என்ற புதுப்பெயருடன் நெடுவாசலுக்குத் திட்டம் வந்தது; ஊரே பந்தலில் அமர்ந்தது. அவ்வாண்டு சூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, திரண்ட மக்கள்மீது தடியடி நடந்தது. மீத்தேன் எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. செயராமனும் வேறு பலரும் சிறை சென்றனர்.

இவ்வூர்களைத் தேர்தல் வரைபடத்தில் தேடினால் ஓர் உண்மை புலப்படும். மன்னார்குடி தஞ்சாவூர் நாடாளுமன்றத் தொகுதியில் உள்ளது. திருவாரூரும் திருத்துறைப்பூண்டியும் நாகப்பட்டினம் தொகுதி. கதிராமங்கலம் மயிலாடுதுறை தொகுதி. நெடுவாசலோ ஆலங்குடிச் சட்டமன்றத் தொகுதி வழியாகச் சிவகங்கையைச் சேர்ந்தது. நிலத்தடியில் ஒன்றாய்க் கிடக்கும் சிக்கல் நிலத்தின்மேல் நான்கு தொகுதிகளாய்ச் சிதறிக் கிடக்கிறது. நான்கிலும் அது சிறுபான்மைக் குரலே.

மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது. தஞ்சை வயலின் அரசியல் நெடுங்காலமாகக் கூலியின் அரசியல். 1968 திசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான நினைவு இம்மண்ணில் ஆறவில்லை. நாகப்பட்டினம் பலமுறை பொதுவுடைமைக் கட்சியினரைத் தேர்ந்தெடுத்ததற்கும் அவ்வரலாறே அடித்தளம். 'வயலைக் காப்போம்' என்னும் முழக்கத்தோடு வருபவரை நிலமற்ற தொழிலாளி, 'யாருடைய வயலை?' என்று கேட்பார். குழாய் வெடித்தால் முதலில் போவது தம் நடவுக் கூலியும் குடிநீரும் என்பதை அவர் அறிவார். ஆயினும் அந்த வினாவுக்கு நேர்மையான விடை சொல்லாத பசுமைக் கட்சி எதுவும் இங்கே வேரூன்ற முடியாது.

தேர்தலுக்கு அப்பால் வந்த சட்டம்

2019ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலை ஒட்டி வேறொரு உத்தி முயலப்பட்டது. தில்லி சந்தர் மந்தரில் மண்டையோடுகளுடன் போராடிய திருச்சி உழவர் தலைவர் அய்யாக்கண்ணு, வாரணாசியில் பிரதமரை எதிர்த்து 111 உழவர்கள் நிற்பர் என்று அறிவித்தார். பின்னர் அமித் ஷாவைச் சந்தித்துவிட்டு அம்முடிவைக் கைவிட்டார். தமிழகத்தில் தி.மு.க. கூட்டணி 39 தொகுதிகளில் 38ஐ வென்றது. அவ்வணியின் மேடைகளில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்பு ஒலித்திருந்தது. தேர்தல் முடிந்த மறுமாதம், சூன் 23 அன்று, மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை மக்கள் கைகோத்து நின்றனர்.

2020 சனவரியில், நிலப்பகுதியில் எண்ணெய் தேடும் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை என்று நடுவண் அரசு விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதம் 9ஆம் நாள், முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தார். 20ஆம் நாள் சட்டமன்றம் அதற்கான சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. 2011இல் மீத்தேன் உடன்பாடு கண்ட கட்சியும், 2015இல் தடை விதித்து 2020இல் சட்டம் இயற்றிய கட்சியும், மாறி மாறி இம்மக்களின் வாக்கைப் பெற்றவை. ஓரிடமும் வெல்லாத பரப்புரை இரண்டையும் தன் பக்கம் திருப்பிற்று.

எனினும் சட்டத்தின் எல்லையையும் காண வேண்டும். புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தடுக்கிறது. ஏற்கெனவே இயங்குபவற்றைத் தொடவில்லை. முதலில் அறிவிக்கப்பட்டவற்றுள் திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டப் பகுதிகள் சட்டத்தில் விடுபட்டன. மயிலாடுதுறை மாவட்டத்தின் பெயர் 2023ஆம் ஆண்டே திருத்தத்தால் சேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில் தஞ்சை மாவட்டத்து வடசேரி நிலக்கரி ஏலப்பட்டியலில் இடம்பெற்றது. மாநிலம் எதிர்த்த பின், ஏப்ரல் 8 அன்று நடுவண் அமைச்சர் பிரகலாத் சோசி அதை நீக்குவதாக அறிவித்தார். சேர்த்ததும் தில்லி, நீக்கியதும் தில்லி. மாநிலச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே இது நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தோல்வியின் பயன்

எனவே கட்சியில்லாப் பரப்புரையே போதும் என்று அமைதி கொள்வதற்கில்லை. அது பெருங்கட்சிகளிடம் வாக்குறுதியைப் பெறவல்லது. அவ்வாக்குறுதி நாடாளுமன்றத்தில் நிறைவேறாதபோது, அடுத்த தேர்தலில் எழுந்து நின்று ஏன் என்று கேட்க அதற்கு ஆளில்லை. சிறு கட்சியின் வேட்பாளர் வைப்புத்தொகையை இழக்கலாம். ஆனால் அவர் களத்தில் நிற்கும் அந்தச் சில வாரங்களில் மற்ற வேட்பாளர் ஒவ்வொருவரும் நிலத்தடியைப் பற்றி ஏதேனும் ஒரு விடை சொல்லியாக வேண்டும். அவ்விடை பதிவாகும், பின்னால் எடுத்துக்காட்டப்படும். நல்கொண்டாவில் திரண்டவர்களும் இடிந்தகரையின் மூவரும் தோற்றுப் பெற்றுத் தந்தது அதுவே.

நம் வட்டத்துக் கவிஞர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கிராமசபைத் தீர்மானங்களும், பந்தலில் பாடிய பாட்டுகளும், கைப்பட எழுதிய துண்டறிக்கைகளும், தோற்ற வேட்பாளரின் சுவரொட்டிகளும் செல்லரித்துப் போவதற்குள் தொகுக்கப்பட வேண்டும். நாகனாரின் பாட்டோடு, அதனால் வரி நீங்கியது என்ற ஒற்றைக் குறிப்பையும் யாரோ ஒருவர் எழுதி வைத்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அக்குறிப்பு இல்லையேல் அப்பாட்டை அரசனைப் புகழ்ந்த மற்றொரு பாட்டாகவே நாம் படித்துக்கொண்டிருப்போம்.