நன்னம்பிக்கை முனையின் மந்தைகளும் மதுரைக் கரையின் மனிதர்களும்: வான் டெர் ஸ்டெல் குடும்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கோவில்பட்டிக்கு மேற்கே, பழைய ஜமீன் ஊரான இளையரசனேந்தலைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் ஆட்டுக்கிடை மறிப்பது நெடுநாள் வழக்கம். அறுப்பு முடிந்த புஞ்சையில் இரவில் ஆடுகளை அடைப்பார்கள். புழுக்கை நிலத்துக்கு உரமாகும். கிடை மறிக்கும் கீதாரிக்குக் கூலி கிடைக்கும். மந்தை ஒருவருடையது, நிலம் இன்னொருவருடையது. நன்னம்பிக்கை முனையில் குடியேறிய டச்சுக்காரர்களிடமோ மந்தை வைத்திருந்தவரே நிலத்துக்கும் உடையவரானார். இந்த மாற்றத்தைக் குடியேறிகளின் துணிச்சலுக்கு மட்டும் வரவு வைக்க முடியாது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமச்சீட்டும், அங்கு முன்பே மாடு மேய்த்து வந்த கொய்கொய் மக்களின் இழப்பும், இந்தியப் பெருங்கடல் கரைகளிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் உழைப்பும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின என்பது இக்கட்டுரையின் வாதம்.

கீழைக்கடலில் வேர்விட்ட குடும்பம்

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கப்பட்டது. அதன் ஊழியரான அட்ரியான் வான் டெர் ஸ்டெல் 1639இல் மொரீஷியஸின் தளபதியானார். ஜாவா மான்களையும் கரும்பையும் அத்தீவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். பின்னர் இலங்கைக்கு மாற்றப்பட்டு, 1646இல் கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனின் படையினரால் கொல்லப்பட்டார். அவருடைய மகன் சைமன் 1639இல் மொரீஷியஸுக்குப் போகும் வழியில் கடலில் பிறந்தவர். சைமனின் தாய் மரியா லீவன்ஸ். தாய்வழிப் பாட்டி மோனிக்கா இந்தியக் கடற்கரையைச் சேர்ந்தவர். ஆக, தென்னாப்பிரிக்க வெள்ளையர் வேளாண்மையின் தந்தையாகப் போற்றப்படும் சைமனின் உடலில் இந்திய ரத்தமும் ஓடியது.

சைமன் நன்னம்பிக்கை முனைக்கு வந்த 1679இல் அங்கே குடியேற்றம் இன்னும் இளமையாகவே இருந்தது. யான் வான் ரீபேக் 1652இல் அமைத்த அந்தத் தளத்தின் முதல் வேலை, போகிற வருகிற கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுப்பது. 1657இல் ஒன்பது ஊழியர்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, 'சுதந்திரக் குடிகள்' என்ற பெயரில் நிலம் பெற்றார்கள். ஆனால் விளைச்சலைக் கம்பெனி குறித்த விலைக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. சைமன் வந்த ஆண்டிலேயே ஸ்டெல்லன்போஷ் ஊரை நிறுவினார். 1685இல் கான்ஸ்டான்ஷியா என்னும் நிலத்தைத் தமக்கெனப் பெற்றார். 1699இல் பதவி ஓய்வுக்குப் பின் அங்கேயே திராட்சையும் கால்நடையும் வளர்த்து, 1712இல் இறந்தார்.

ஆளுநரின் மேய்ச்சல் நிலங்கள்

தந்தை சைமனுக்குப் பின் ஆளுநரான வில்லெம் அட்ரியான் 1700இல் ஃபெர்கெலேகன் பண்ணையைப் பெற்றார். மலைக்கு அப்பால் அவருக்குப் பதினெட்டு மேய்ச்சல் நிலையங்கள் இருந்தன என்றும், ஏறத்தாழ 1,000 மாடுகளும் 18,000 ஆடுகளும் அவற்றில் மேய்ந்தன என்றும் எதிர்ப்பாளர்கள் குற்றம் சாட்டினார்கள். பகையின் சூட்டில் சொன்ன கணக்கு என்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சண்டை எதைப் பற்றியது என்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டுகிறது. கப்பலுக்கு இறைச்சி கொடுப்பதே அங்கு பெருவணிகம். அதில் ஆளுநரே போட்டியாளராக இறங்கினால் குடிகள் எங்கே போவார்கள்? ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து குடியேறிய ஆடம் டாஸ் முன்னின்று எழுதிய புகாரில் 63 பேர் கையொப்பமிட்டார்கள். டாஸ் சிறைக்குப் போனார். புகாரோ ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1707இல் ஆளுநர் திரும்ப அழைக்கப்பட்டார். ஃபெர்கெலேகன் கூறுபோட்டு விற்கப்பட்டது.

ஆள் மாறினாலும் முறை நிலைத்தது. 1703இலிருந்து வில்லெம் வழங்கத் தொடங்கியிருந்த மேய்ச்சல் உரிமச்சீட்டுகள் தொடர்ந்தன. 1714 முதல் அவற்றுக்கு ஆண்டுக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. சீட்டு பெற்றவர் மாட்டு வண்டியோடு உள்நாட்டுக்குள் போனார். புல் தீர்ந்தால் அடுத்த வெளிக்கு நகர்ந்தார். ட்ரெக்போயர் எனப்படும் நாடோடிப் பண்ணையாளர் உருவானது இப்படித்தான். அவர் போன வெளிகள் வெற்று நிலங்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் கொய்கொய் மக்கள் மாடு மேய்த்து வந்த இடங்கள் அவை. பண்டமாற்றாலும் கொள்ளையாலும் மந்தைகளை இழந்துகொண்டிருந்த அவர்களை 1713இன் பெரியம்மை நிலைகுலைய வைத்தது. எஞ்சியவர்களில் பலர் தங்கள் பழைய நிலத்திலேயே பிறர் மாட்டுக்கு மேய்ப்பர் ஆனார்கள்.

கூலியில்லா உழைப்பு

கோதுமை வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் உழைத்தவர்கள் அடிமைகள். 1652க்கும் 1808க்கும் இடையே அங்கு கொண்டுவரப்பட்ட சுமார் 63,000 பேரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்கள் என வரலாற்றாய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். நன்னம்பிக்கை முனையின் ஆவணங்களில் அடிமைகளின் பெயரோடு ஒட்டியிருக்கும் ஊர்ப்பெயர்களில் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் உண்டு.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு வந்தது. அவர்கள் இங்கே நாடியவை துணியும் முத்தும் சங்கும். பஞ்சம் வந்தபோது மனிதர்களையும் வாங்கினார்கள். 1673 முதல் 1677 வரை நீண்ட வறட்சியில், தூத்துக்குடியை உள்ளிட்ட மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அடிமைகளாக ஏற்றுமதியானதாகக் கணக்கு உள்ளது. துறைமுகத்தின் பெயரே அடிமையின் பெயரோடு ஒட்டிக்கொண்டதால், அவர் எந்த உள்நாட்டு ஊரிலிருந்து வந்தார் என்பது பதிவில் மறைந்துபோகிறது. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடிக் கடற்கரைக்கு இறங்கியவர்களை இந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

நெடுந்தீவு என்ற எதிர்ச்சான்று

தூத்துக்குடியைப் பிடித்த அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தையும் கம்பெனி கைப்பற்றியது. நெடுந்தீவுக்கு 'டெல்ஃப்ட்' எனத் தன் நாட்டு நகரின் பெயரைச் சூட்டி, அங்கே குதிரை வளர்த்தது. லாயங்களின் இடிபாடுகளும் காட்டுக் குதிரைகளும் இன்றும் இருக்கின்றன. ஆனால் நெடுந்தீவில் டச்சுப் பண்ணையாளர் என்றொரு வர்க்கம் தலையெடுக்கவில்லை. தீவில் காணி உரிமையோடு தமிழ்க்குடிகள் ஏற்கெனவே நிலைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஊழியம் வாங்கும் முறையும் கம்பெனிக்குக் கைவந்திருந்தது. குடியேறிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுக்க வேண்டிய தேவை எழவில்லை. குதிரைப் பண்ணை கம்பெனியின் நேரடிப் பொறுப்பிலேயே இருந்தது. கம்பெனி ஒன்றே, காலமும் ஒன்றே. முன்பே இருந்த மக்களை வெளியேற்ற முடிந்த இடத்தில் மட்டும் 'முன்னோடி' பிறந்தார்.

டச்சு ஆவணங்களை இதுவரை முத்துக்கும் துணிக்குமே நாம் அதிகம் புரட்டியிருக்கிறோம். நன்னம்பிக்கை முனையின் அடிமைப் பதிவேடுகளையும் தூத்துக்குடி வணிக நிலையத்தின் கடிதங்களையும் எதிரெதிரே வைத்து ஒப்பிட்டால், நெல்லைச் சீமையின் பஞ்ச வரலாற்றில் விடுபட்ட ஆண்டுகள் சிலவற்றை நிரப்ப முடியும். ஸ்டெல்லன்போஷின் வேளாண் வரலாற்றை எழுதுகிறவர்களும் மதுரைக் கரையின் மழைக் கணக்கைப் பார்க்காமல் அதை முடித்துவிட முடியாது.