துப்பறியும் நாவல்: விழாவும் விருதும் மதிப்புரையும்

குற்றத்தையும் அதைத் துப்புத் துலக்குவதையும் கதையாக்கும் நாவல்கள் நெடுங்காலம் பொழுதுபோக்காகவே கருதப்பட்டன. அவற்றுக்கு இலக்கிய மதிப்பைத் தேடித் தந்ததில் விருதுகளுக்கும் விழாக்களுக்கும் பத்திரிகை மதிப்புரைகளுக்கும் பெரும்பங்கு உண்டு.

விருதுகள்: அமெரிக்காவின் எட்கர் விருது 1946 முதலும், பிரிட்டனின் இன்றைய தங்கக் குத்துவாள் விருது வேறு பெயரில் 1955 முதலும் வழங்கப்படுகின்றன. பம்பாய் இன்ஸ்பெக்டர் கோட்டே அறிமுகமான ‘தி பெர்ஃபெக்ட் மர்டர்’ 1964இல் தங்கக் குத்துவாளை வென்றது. அதன் ஆசிரியர் எச். ஆர். எஃப். கீட்டிங் சுமார் பத்தாண்டுகளுக்குப் பிறகே இந்தியாவை நேரில் கண்டார். லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் குற்றப்புனைவு மதிப்புரையாளராகவும் அவர் பல ஆண்டுகள் எழுதினார்.

விழாக்கள்: புனே சர்வதேச இலக்கிய விழாவை 2013இல் தொடங்கிய மஞ்சிரி பிரபு, துப்பறியும் நாவலாசிரியர். அவரது ‘தி காஸ்மிக் க்ளூஸ்’ (2004) நாவலின் நாயகி சோனியா சமர்த், புனேயில் ஜாதகத்தின் துணையோடு துப்பறிபவள்.

மதிப்புரை: குற்றவாளியை வெளிப்படுத்தாமல் கதையை எடைபோடுவதே இதன் முதல் நெறி. தடயங்கள் வாசகர் முன் நேர்மையாக வைக்கப்பட்டனவா, முடிவு அவற்றிலிருந்து பிறக்கிறதா என்பவை முக்கிய அளவுகோல்கள்.

தமிழில்: சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகள் வார இதழ்களிலும், ராஜேஷ்குமாரின் நாவல்கள் மாத நாவல்களாகவும் பெருவாசகரை அடைந்தன. 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பு, தமிழ் மாத நாவல் உலகைப் பிறமொழியினருக்கு அறிமுகப்படுத்தியது. இவ்வளவு வளமான மரபு தொடர்ச்சியான, கறாரான மதிப்புரைக்கு முழுத் தகுதி உடையது.